செஞ்சிடலாம் சார்

அன்புள்ள ஐயா,

வேளச்சேரியில் இருபது வருடமாகக் குடியிருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவுக்கு ஒரு வேட்பாளர் வந்தார். ஆரத்தி, பட்டாசு எதுவும் இல்லை. நாலைந்து பேரோடு நடந்து வந்து ஒரு நோட்டீஸ் கொடுத்தார். தொகுதிப் பிரச்சினைகளில் தன் நிலைப்பாடு என்று அதில் ஆறு விஷயம். மழைநீர் தேங்காது, பள்ளிக்கரணை சதுப்பு நிலம் காக்கப்படும், புறம்போக்கில் குடியிருப்போருக்குப் பட்டா, பெருங்குடி குப்பைமேடு அகற்றப்படும், சொத்துவரி குறையும், எல்லா வீட்டுக்கும் மெட்ரோ தண்ணீர். படித்தவர், பொறுமையாகப் பேசினார். “இதெல்லாம் கவுன்சிலர் வேலை, எம்.எல்.ஏ.வால ஒண்ணும் ஆகாது” என்கிறார் என் கணவர். எனக்கு அந்த வேட்பாளருக்கே போடலாம் என்றிருக்கிறது. இப்படி ஒரு நோட்டீஸை எதை வைத்து எடைபோடுவது? எப்போதும் இலக்கியம்தான் எழுதுகிறீர்கள். தெருவில் தண்ணீர் நின்றாலும் எழுதலாமே.

எம்., வேளச்சேரி

அன்புள்ள எம்.,

கடைசி வரியில் வைத்த குட்டு சரியான இடத்தில் விழுந்தது. ஆகவே இலக்கியம் கலக்காத பதில்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி நியாயம். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. குழாய்த் தண்ணீர் 1978இல் தொடங்கிய குடிநீர் வாரியத்துடையது. பக்கிங்ஹாம் கால்வாய்க்கு நீர்வளத்துறை, சதுப்பு நிலத்துக்கு வனத்துறை. உங்கள் வாசலில் நிற்கும் தண்ணீர் கடலுக்குப் போவதற்குள் இத்தனை அலுவலகங்களின் எல்லையைத் தாண்டியாக வேண்டும். ஆனால் சென்னையில் 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை கவுன்சிலரே கிடையாது. அடைத்துக்கொண்ட சாக்கடைக்கும் எரியாத தெருவிளக்குக்கும் ஐந்து வருடத்துக்கு மேல் ஜனங்கள் எம்.எல்.ஏ. ஆபீஸ் வாசலில்தான் நின்றார்கள். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. வேட்பாளர்களுக்கும் அது தோதாகப் போய்விட்டது.

எம்.எல்.ஏ. கையில் நேரடியாக இருக்கும் பணம் தொகுதி மேம்பாட்டு நிதி, வருடத்துக்கு 3 கோடி. நிழற்குடை, வகுப்பறை, ரேஷன் கடைக் கட்டடம் என்று பெயர்ப்பலகை வைக்க வாகான வேலைகளுக்கு அது சரி. வேளச்சேரி வெள்ளத்துக்கு எந்த மூலைக்கு? மற்றபடி அவருடைய ஆயுதம் வாய்தான். கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, மானியக் கோரிக்கை விவாதம். இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அமைச்சர் அவையில் சொன்ன பதில் அவைக்குறிப்பில் ஏறிவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரியை நெருக்கலாம். 2022இல் ஒவ்வொரு எம்.எல்.ஏ.வும் தன் தொகுதியின் பத்து முக்கியக் கோரிக்கைகளை கலெக்டரிடம் கொடுக்கும்படி முதலமைச்சர் கேட்டார். பத்தே பத்து. எந்தப் பத்து என்பதில்தான் ஆள் யாரென்று தெரியும்.

போன சட்டமன்றத் தேர்தலின்போது எங்கள் குடியிருப்புக்கும் ஒருவர் வந்தார். மொட்டை மாடியில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, ரோஸ்மில்க். சங்கச் செயலாளர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோரிக்கைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில்: “செஞ்சிடலாம் சார்.” பின்னால் ஒரு பையன் அரைக்குயர் நோட்டில் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தான். டம்ளரை வைக்கும் சாக்கில் எட்டிப் பார்த்தேன். “வடிகால் - ஓகே. லைட் - ஓகே. நாய் - ஓகே.” தெருப் பெயர் இல்லை, எந்த ஆபீஸ் என்று இல்லை. நாய் ஓகே என்றால் என்னவென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எங்கள் குடியிருப்பில் பாதிப்பேர் நாய்களைப் பிடித்துப் போகச் சொன்னவர்கள், மீதிப்பேர் அவற்றுக்குத் தயிர்சாதம் வைப்பவர்கள். இரண்டு கட்சியும் திருப்தியாகக் கீழே இறங்கிப் போனது.

உங்கள் நோட்டீஸ் அந்த நோட்டைவிட மேல்தான். ஆனால் அதிலும் ஒரு “நாய் ஓகே” இருக்கிறது. இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

ஆதம்பாக்கம் ஏரியின் உபரி வீராங்கல் ஓடை வழியாகப் பள்ளிக்கரணைக்குப் போகிறது. வேளச்சேரி ஏரியின் உபரியும் அங்கேதான். தென்சென்னையில் முப்பதுக்கு மேற்பட்ட ஏரிகளுக்கு அதுதான் வடிகால். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், அப்புறம் முட்டுக்காடு, கடல். 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் பட்டியலில், சேர்ந்தபோது அதன் பரப்பு ஏறக்குறைய 1,248 ஹெக்டேர். இந்தச் சதுப்பைக் காப்போம் என்று சொல்ல யாருக்கும் சிரமமில்லை. பூநாரை படம் ஒன்றைப் போட்டுவிட்டால் நோட்டீஸும் அழகாகிவிடும். சிரமம் எல்லையில்தான் ஆரம்பிக்கிறது. 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சதுப்பின் தாக்க மண்டலத்தை (சதுப்பைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்பகுதியை) ஆய்வு செய்து வரையறுக்கும்வரை சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டட அனுமதி கூடாது என்று சொன்னது. பெரிய பில்டர்கள் மட்டுமில்லை, பழைய வீட்டை இடித்துக் கட்டக் கடன் வாங்கக் காத்திருந்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார். “கோடு வரையும்வரை பொறுங்கள்” என்று அவர் முகத்தைப் பார்த்து உங்கள் வேட்பாளர் சொல்வாரா? அல்லது அந்த ஒரு கிலோமீட்டரைக் குறைக்கப் பாடுபடுவேன் என்பாரா? இரண்டில் எதைச் சொன்னாலும் சரி, அது ஒரு நிலைப்பாடு. “காக்கப்படும்” என்பது நிலைப்பாடு இல்லை, செயப்பாட்டு வினை. (இலக்கணம் இலக்கியத்தில் சேராது.)

பட்டாவும் இப்படித்தான். ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நத்தம் புறம்போக்கில் பட்டா கொடுப்பது வேறு, ஏரி, குளம், ஓடைக்கான நீர்நிலைப் புறம்போக்கில் கொடுப்பது வேறு. இரண்டாவதை நீதிமன்றங்கள் விடாமல் தடுத்துவருகின்றன. ஓட்டுக் கேட்கும்போது மட்டும் “நீர்நிலை” என்கிற சொல் கழன்று விழுந்துவிடும். அதற்காக, குடிசைகளை எடுத்தால் சதுப்பு பிழைத்துவிடும் என்று பேசுகிறவர்களோடும் நான் சேரமாட்டேன். சதுப்பின்மேல் அரசு நிறுவனம் இருக்கிறது, ஐ.டி. வளாகம் இருக்கிறது, ரயில் பாதை இருக்கிறது. நகரத்துக்குள் ஆற்றங்கரைகளிலிருந்து கிளப்பிய ஜனங்களை கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று அரசே கொண்டுபோய் இறக்கியதும் இந்தத் தாழ்நிலத்தில்தான். எனவே ஆக்கிரமிப்பு என்று அவர் யாரைச் சொல்கிறார் என்று கேட்கவேண்டும்.

குப்பைமேட்டில் பயோமைனிங் ஏற்கெனவே நடக்கிறது. பழைய குப்பையைப் பிரித்து எடுக்கிறார்கள். ஆனால் தென்சென்னையின் இன்றைய குப்பை எங்கே போகும்? வடசென்னையில் கொடுங்கையூர்க்காரர்கள் தங்கள் பங்குக்குப் பல பத்தாண்டுகளாக நகரத்தின் குப்பையைச் சுமக்கிறார்கள், எரிஉலை வேண்டாம் என்று போராடுகிறார்கள். உங்கள் வேட்பாளர் “அகற்றப்படும்” என்பதற்குப் பக்கத்தில் ஓர் ஊர்ப் பெயர் போடவேண்டும். அல்லது வீட்டுக்கு வீடு பிரித்துத் தராவிட்டால் அபராதம் என்று போடவேண்டும். ஓட்டு விழாது என்பதால் இரண்டையும் போடமாட்டார்.

சொத்துவரியில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2022இல் வீட்டின் அளவைப் பொறுத்து 25லிருந்து 150 சதவீதம் வரை ஏறியது அரசின் முடிவு. தனி எம்.எல்.ஏ. குறைக்க முடியாது, அவையில் எதிர்த்துப் பேசலாம். மெட்ரோ தண்ணீரை எல்லாரும் எல்லாத் தேர்தலிலும் தருகிறார்கள்.

மழைநீரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பட்டீர்கள். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றன. வடிகால் வேலை முடிந்துவிட்டது என்கிற அறிவிப்பை அந்தக் கார்க்காரர்களில் ஒருத்தரும் நம்பவில்லை.

இன்னொன்று. படித்தவர், பொறுமையானவர் என்று எழுதியிருக்கிறீர்கள், இருக்கட்டும். வேட்புமனுவோடு அவர் கொடுத்த பிரமாணப் பத்திரம், படிவம் 26, தேர்தல் ஆணையத்தின் தளத்தில் கிடைக்கும். வழக்கு இருக்கிறதா என்றுதான் எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் அசையாச் சொத்துப் பக்கத்துக்குப் போங்கள். கிராமம், சர்வே எண் எல்லாம் இருக்கும். பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், ஒக்கியம் துரைப்பாக்கம் என்று ஏதாவது பெயர் கண்ணில் பட்டால் அவருக்கு அந்த ஒரு கிலோமீட்டரில் சொந்தக் கவலை இருக்கலாம் என்று அர்த்தம். அது குற்றமில்லை. ஆனால் தெரிந்துகொண்டு கேள்வி கேட்பது நல்லது.

பிரசாரம் முடிவதற்குள் எப்படியும் இன்னொரு தடவை வருவார். உங்கள் கணவரையும் வாசலுக்கு அழைத்து வாருங்கள். பட்டா எந்தப் புறம்போக்குக்கு என்று மட்டும் கேளுங்கள். பக்கத்தில் யாராவது நோட்டை எடுத்தால், என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்து எனக்கும் ஒரு வரி போடுங்கள்.