நான் மாநிறத்தைவிடக் கொஞ்சம் கறுப்பு. என் முகத்துக்கும், இருக்கிற குர்த்தாக்களுக்கும் சேர என்ன நிறத் துப்பட்டா எடுக்கலாம்?

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது, கையில் எட்டு குர்த்தா இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கருநீலம் மூன்று, மெரூன் இரண்டு, கறுப்பு ஒன்று, பாட்டில் பச்சை ஒன்று, வெள்ளையில் பூ அச்சு ஒன்று. இந்த மாதம் மூன்று துப்பட்டாவுக்கு மேல் முடியாது. வீட்டில், “கறுப்பா இருக்கிறவங்க பளிச்சுனு போட்டா எடுக்காது, சந்தனக் கலர்ல எடு” என்கிறார்கள்.

மதுரையில் ஒரு துணிக்கடையில் துப்பட்டா பிரிவில் ஒன்பது வருடம் நின்றிருக்கிறேன். இப்போது வீட்டிலேயே தைக்கிறேன். நானும் உங்கள் நிறம்தான். அதனால் வீட்டில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தவறு. எட்டாம் வகுப்பிலிருந்து இருபத்து மூன்று வயது வரை நானும் அதைக் கேட்டு நடந்தவள். பள்ளி ஆண்டுவிழாப் படங்கள் எல்லாவற்றிலும் சந்தனம், பிஸ்கட் கலர், வெளிறிய ரோஸ்தான். ஒரு படத்திலாவது என் முகம் தெளிவாக இல்லை.

காரணம் இதுதான். துப்பட்டா கழுத்தைச் சுற்றி, தாடைக்கு நேர் கீழே கிடக்கிறது. சேலை முந்தானைகூட அவ்வளவு கிட்டத்தில் வருவதில்லை. துணியில் படும் வெளிச்சம் திரும்பி தாடையிலும் கன்னத்தின் அடியிலும் விழுகிறது. வெயிலில் நின்று வெள்ளைத் துண்டை நெஞ்சுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், தாடைக்கு அடியில் இருக்கும் நிழல் குறையும். கறுப்புத் துண்டைப் பிடித்தால் அதே நிழலும் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையமும் கூடும். இது எல்லா நிறத்தவருக்கும் நடப்பதுதான்.

இன்னொன்று, நம் கண் எந்த நிறத்தையும் தனியாகப் பார்ப்பதில்லை, பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது. செவ்ரூல் என்கிற பிரெஞ்சு வேதியியலாளர் 1824-இல் பாரிஸில் கோபெலின் சித்திரக் கம்பள ஆலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். அங்கே சாயமிட்ட கறுப்பு நூலில் அழுத்தம் போதவில்லை என்று அவருக்குப் புகார் வந்தது. மற்ற இடங்களின் கறுப்பு நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார், நூலில் குறை எதுவும் இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்ததால்தான் அந்தக் கறுப்பு சோர்ந்து தெரிந்தது. இதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1839-இல் புத்தகமாகவே எழுதினார்.

தறியில் நூலுக்கு நடப்பதுதான் துப்பட்டாவுக்கு மேலே இருக்கும் முகத்துக்கும் நடக்கிறது. அடர்த்தியான பச்சைக்குப் பக்கத்தில் தோலில் இருக்கும் செம்மை கூடித் தெரியும். தோலின் நிறத்துக்கு ஒட்டினாற்போல் வரும் சந்தனம், பிஸ்கட், காக்கி எல்லாம் முகத்துக்கும் துணிக்கும் நடுவில் எல்லையே இல்லாமல் செய்துவிடும். சாம்பல் கலந்த வெளிர் நிறங்கள் தோலில் சாம்பல் பூத்ததுபோல் காட்டும். நம் நிறத்துக்கு உண்மையில் ஒத்துவராதவை இவைதான். அடக்கமாக இருக்கிறது என்று நமக்கு எடுத்துக் கொடுப்பதும் இவற்றைத்தான்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது இருக்கும், உங்களையும் என்னையும்விட நல்ல கறுப்பு. அம்மா வந்ததுமே, “புள்ளைக்கு எடுப்பா இல்லாம அடக்கமா ஒண்ணு காட்டும்மா” என்றார். பெண் ஒன்றும் பேசவில்லை. அவள் கை மட்டும் அடுக்கில் இருந்த வாடாமல்லித் துப்பட்டாவின் ஓரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. நான் சந்தனத்தையும் வாடாமல்லியையும் எடுத்துக்கொண்டு இருவரையும் கடை வாசலுக்குக் கூட்டிப் போனேன். காலை பதினொரு மணி, எதிர் வரிசையில் நல்ல வெயில், எங்கள் பக்கம் நிழல். முதலில் சந்தனத்தைப் போட்டேன். முகம் தூங்கி எழுந்தது மாதிரி இருந்தது, உதட்டின் ஓரமே தெரியவில்லை. பிறகு வாடாமல்லி. கண்ணின் வெள்ளை முதலில் தெரிந்தது, அப்புறம் புருவம், அப்புறம் மூக்குத்தி. அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். “மொகம் தெளிஞ்சிருச்சேம்மா” என்று சொல்லிவிட்டு மகளின் தாடையைத் தொட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துப்பட்டா பில்லுக்குப் போனபோது அந்தப் பெண் என்னிடம், “அக்கா, நெசமாவே எனக்கு நல்லாயிருக்கா?” என்று இரண்டு தடவை கேட்டாள். அந்தக் குரலை நான் மறக்கவே இல்லை.

கடையில் தினமும் கேட்ட கேள்வி, “இது போட்டா கொஞ்சம் கலரா தெரிவேனாக்கா?” என்பது. நம் பேச்சில் ‘நல்ல கலர்’ என்றால் சிவப்பு என்று ஆகிப்போனது. நம் நிறத்துக்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை. சென்னையில் 2009-இல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ என்ற இயக்கம் தொடங்க வேண்டியிருந்தது என்றால் இந்த வலி எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். துப்பட்டா எடுக்கும்போது ‘சிவப்பாகக் காட்டுமா’ என்று பார்க்காதீர்கள். கண்ணும் உதடும் தெளிவாகத் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். சரியான நிறத்துக்கு அதுதான் அடையாளம்.

எப்படிப் பார்ப்பது? கடைக்குள் இருக்கும் கண்ணாடியை நம்பவே கூடாது. பல கடைகளில் துணி மேல் மஞ்சள் விளக்கு விழும்படி வைத்திருப்பார்கள். அதில் எல்லாச் சிவப்பும் அழகு, எல்லா நீலமும் மங்கல். வேறு வேறு சாயக் கலவையில் போட்ட இரண்டு மெரூன்கள் கடை வெளிச்சத்தில் ஒன்றுபோல் தெரியும், பகல் வெளிச்சத்தில் ஒன்று காபிப்பொடிப் பக்கம் சாயும், இன்னொன்று பீட்ரூட் பக்கம் சாயும். விளக்கு மாறினால் சாயம் திருப்பி அனுப்பும் ஒளியும் மாறும். “வாசல்ல போய்ப் பாத்துக்கிறேன்” என்று கேட்க வெட்கப்படாதீர்கள். பட்டு எடுக்க வரும் பாட்டிகள் காலங்காலமாகக் கேட்பதுதான் அது. உச்சி வெயில் வேண்டாம், வாசல் நிழல் போதும். பொட்டும் தோடும் தினமும் போடுவதுபோல் இருக்கட்டும், உதட்டுச்சாயம் மட்டும் இல்லாமல் போங்கள். துப்பட்டாவைக் கையில் பிடித்துப் பார்க்காமல் கழுத்தில் போட்டுப் பாருங்கள்.

மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்த்து நிறம் தேர்வு செய்யச் சொல்வார்கள். என் மணிக்கட்டில் நரம்பு தெரிவதே அரிது, உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை விட்டுவிடுங்கள். கடுகு மஞ்சள் ஒன்று, எலுமிச்சை மஞ்சள் ஒன்று எடுத்து மாற்றி மாற்றிக் கழுத்தில் போட்டுப் பார்த்தால் போதும். கடுகு நன்றாக இருந்தால் துரு, செங்கல், மாம்பழ மஞ்சள், பாக்கு நிறம் எல்லாம் உங்களுக்கு வரும். எலுமிச்சை நன்றாக இருந்தால் வாடாமல்லி, கத்தரிப்பூ, ராயல் ப்ளூ பக்கம் போகலாம். இரண்டுமே நன்றாக இருக்கிறவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். மயில் கழுத்து நிறமும், காஞ்சிபுரத்தில் எம்.எஸ்.சுப்புலட்சுமிக்காக முத்து செட்டியார் நெய்துகொடுத்த அந்த ‘எம்.எஸ். ப்ளூ’வும் எந்தத் தோலிலும் ஏமாற்றி நான் பார்த்ததில்லை.

துணியின் வகையும் நிறத்தை மாற்றும். ஷிஃபானும் நெட்டும் உள்ளே இருப்பதைக் காட்டும். மஞ்சள் ஷிஃபானைக் கருநீலக் குர்த்தா மேல் போட்டால் நெஞ்சுப் பக்கம் பச்சை கலந்த ஓர் அழுக்கு நிறம் வரும், தோளுக்குப் பின்னால் தொங்குவது மட்டும் மஞ்சளாக இருக்கும். உங்கள் குர்த்தாக்களில் பெரும்பாலானவை அடர் நிறம் என்பதால் ஷிஃபான் வேண்டாம். பருத்தியோ, கொஞ்சம் கனமான மல் துணியோ எடுங்கள். சாட்டின் மாதிரிப் பளபளப்பவை வெளிச்சத்தைத் திட்டுத்திட்டாகத் திருப்பும், அலுவலகத்தின் வெள்ளை விளக்கில் அது உறுத்தும்.

இனி உங்கள் அலமாரி. எட்டு குர்த்தாவையும் உட்புறமாகத் திருப்புங்கள். ஓரத் தையலில் பிடித்துவிடக் கொஞ்சம் துணி விட்டிருப்பார்கள். அதிலிருந்து விரல்நகம் அளவுக்கு ஒவ்வொன்றிலும் வெட்டி, ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் வரிசையாகப் பின் குத்திக்கொள்ளுங்கள். கடைக்கு அதைக் கொண்டு போங்கள். போனில் எடுத்த படத்தை நம்பிப் போகாதீர்கள், போன் தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தைச் சரிசெய்து கருநீலத்தைக் கறுப்பாக்கிவிடும். நான் தைத்துக் கொடுக்கும் எல்லோருக்கும் இப்போது ஒரு துண்டு தனியாகக் கொடுத்தனுப்புகிறேன்.

அட்டை கையில் இருக்கிறது என்பதற்காக அதே நிறத்தில் தேடாதீர்கள். மெரூனுக்கு மெரூன் என்று தேடினால் கொஞ்சம் தள்ளி நிற்கும் மெரூன்தான் கிடைக்கும். அந்தச் சின்ன வித்தியாசம் ‘சாயம் போன செட்’ மாதிரித் தெரியும். முழுக்க வேறு நிறமாக இருப்பதே மேல். அதே நிறம்தான் வேண்டும் என்றால் வெள்ளைத் துப்பட்டா வாங்கிச் சாயம் போட்டுத் தரும் இடங்களில் கொடுக்கலாம். அதுவும் பருத்தி, பட்டு மாதிரித் துணியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் அவர்களுடைய அண்டாவில் சாயம் பிடிக்காது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் கடுகு மஞ்சளில் ஒரு பருத்தித் துப்பட்டா எடுப்பேன். கருநீலம் மூன்று, மெரூன் இரண்டு, கறுப்பு, பாட்டில் பச்சை என்று ஏழு குர்த்தாவுக்கும் அது ஒன்றே போதும். எலுமிச்சைதான் உங்களுக்கு வருகிறது என்றால் அதே இடத்தில் வாடாமல்லியை வையுங்கள். மெரூனோடு மட்டும் அது கொஞ்சம் முட்டும், மற்றவற்றோடு அழகாக இருக்கும்.

இரண்டாவது, மதுரைச் சுங்குடி. சௌராஷ்டிர சமூகத்துப் பெண்கள் துணியில் சின்னச் சின்னதாக முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, முடிச்சை அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளியாக வரும். 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியில் விரல் ஓட்டிப் பாருங்கள், கையால் முடிச்சிட்டதில் புள்ளி இருக்கும் இடம் சின்னதாகப் புடைத்திருக்கும், ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இருக்காது. அச்சில் போட்டது தட்டையாக இருக்கும், அதுவும் உடுத்த நல்லதுதான், விலை குறைவு. உங்களுக்கு நல்ல சிவப்பிலோ மயில் கழுத்திலோ எடுக்கச் சொல்வேன். புள்ளியின் வெள்ளை இருப்பதால் வெள்ளை லெக்கின்ஸோடு சேர்ந்துகொள்ளும், முகத்துக்கும் கொஞ்சம் வெளிச்சம் தரும். வெள்ளைப் பூ அச்சுக் குர்த்தாவில் எந்த நிறப் பூ சின்னதாக, அபூர்வமாக வருகிறதோ அந்த நிறத்தில் சுங்குடி கிடைத்தால் அதையே எடுங்கள், அந்தக் குர்த்தாவுக்கும் ஆயிற்று.

மூன்றாவதாக ஒரு ஹாஃப் வொயிட், ஓரத்தில் அடர் நிறக் கரையோடு. வெள்ளை போட்டால் கறுப்பு இன்னும் கறுப்பாகத் தெரியும் என்பார்கள். உண்மைதான், தெரியும். ஆனால் அந்தக் கறுப்பு ஒளியோடு தெரியும். கறுப்புக் குர்த்தாவுக்கு மேல் அதைப் போட்டு நடந்த பெண்களைக் கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள், நானும்தான்.

கடைசியாக ஒரு விஷயம், இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு கடையில் ஆசையாக எடுத்த சிவப்புத் துப்பட்டாவை வெள்ளைக் குர்த்தா மேல் போட்டுக்கொண்டு மே மாதம் பஸ்ஸில் போனேன். இறங்கும்போது வேர்வையில் ஊறி, தோளிலும் கழுத்திலும் ரோஸ் படிந்திருந்தது. குர்த்தா அதோடு போயிற்று. இப்போதெல்லாம் கடையிலேயே வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, துப்பட்டாவின் ஓரத்தில் பத்துத் தடவை தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன். அடர் நிறங்களை முதல் மூன்று துவைப்பு தனியாக அலசி, நிழலில் காயப்போடுங்கள். வண்டியில் போகிறவராக இருந்தால் தினமும் ஒரே இடத்தில் பின் குத்தாமல் மடிப்பை மாற்றிப் போடுங்கள், இல்லாவிட்டால் தோளில் வெயில் படும் கோடு மட்டும் வெளுத்துப்போகும்.

சனிக்கிழமை காலை கடை திறந்ததும் போங்கள், கூட்டம் இருக்காது, வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்க்க யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். அட்டையை மறக்காதீர்கள். கடுகா எலுமிச்சையா என்பதில் சந்தேகம் வந்தால் வாசல் வெளிச்சத்தில் இரண்டையும் போட்டு எப்படித் தெரிந்தது என்று கருத்தில் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.