நாற்காலியின் கதை

அன்புள்ள ஐயா,

வடிவமைப்புக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எந்தப் பொருளைச் செய்துகொண்டு போனாலும் “இதன் கதை என்ன?” என்று கேட்கிறார்கள். கடைசி நேரத்தில் பாட்டி, மழை, நினைவு என்று ஒரு பக்கம் எழுதி ஒட்டிவிடுகிறேன். மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. உண்மையில் பொருளுக்குள் கதை இருக்கிறதா, நாம்தான் ஏற்றிவைக்கிறோமா?

க.

அன்புள்ள க.,

இரண்டும் நடக்கிறது. இரண்டாவதற்கு எளிதில் மதிப்பெண் கிடைப்பதுதான் சிக்கல்.

வடிவமைப்பாளர் மார்செல் பிராயர் 1925 வாக்கில் ஜெர்மனியின் பௌஹௌஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில் எஃகுக் குழாயை வளைத்து ஒரு நாற்காலி செய்தார். இன்று அதற்கு ‘வாஸிலி’ என்று பெயர். ஓவியர் வாஸிலி காண்டின்ஸ்கிக்காகவே செய்தது என்று பலர் சொல்வார்கள். அப்படியில்லை. காண்டின்ஸ்கிக்குப் பிடித்திருந்தது, அவருக்கும் ஒன்று செய்துகொடுத்தார், அவ்வளவுதான். பெயர் வைத்தது, பல ஆண்டுகள் கழித்து அதை மறுபடி தயாரித்து விற்ற இத்தாலிய நிறுவனம். விற்பனைக்கு நல்ல கதை!

அதை எடுத்துவிட்டு நாற்காலியை மட்டும் பாருங்கள். சைக்கிளின் வளைந்த கைப்பிடியிலிருந்து பிராயருக்கு யோசனை வந்தது. பழைய கொழுத்த சோபாவின் சதையை உரித்து எலும்பை மட்டும் நிறுத்தியிருக்கிறார். உடம்பைத் தாங்குவது இறுக்கிக் கட்டிய துணிப்பட்டைகள். சைக்கிள் தொழிற்சாலையின் பொருள் வரவேற்பறைக்குள் வந்துவிட்டதை எந்தக் குறிப்பும் இல்லாமலே அது சொல்லிவிடுகிறது.

எனக்கு இதைவிடப் பிடித்தது, மரச்சாமான் தயாரிப்பாளர் மிகாயேல் தோனெட்டின் 14-ம் எண் நாற்காலி, 1859. நீராவியில் வளைத்த மரம், மொத்தம் ஆறே துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு நட்டுகள். கழற்றி அடுக்கினால் ஒரு கனமீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும். கைதேர்ந்த தச்சர் இல்லாமலே தொழிற்சாலையில் செய்யலாம். எவ்வளவு தொலைவு போனாலும், சேர்ந்த இடத்தில் திருகாணி முடுக்கத் தெரிந்த ஒருவர் போதும். ஒரு நூற்றாண்டின் தொழில், வணிகம், கப்பல் எல்லாம் அந்த மூட்டுகளில் இருக்கின்றன. தோனெட் அதற்குக் கதை எழுதி ஒட்டவேண்டியிருக்கவில்லை.

உங்கள் ஆசிரியர்கள் கேட்பது தவறான கேள்வியில்லை. வேலை முடிந்தபிறகு கேட்பதால்தான் விளம்பர வாசகம் பதிலாக வருகிறது. செய்யும்போதே எதை விட்டீர்கள், ஏன் இந்த மூட்டு, ஏன் இந்தத் தடிமன் என்று குறித்துவாருங்கள்.

அடுத்த முறை அந்தப் பக்கத்தை ஒட்டாமல் பொருளை வகுப்புத் தோழர் ஒருவரிடம் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள். “இது ஏன் இப்படி?” என்று அவர் கேட்டு, உங்களிடம் பதில் இல்லாத இடங்களை மட்டும் மறுபடி செய்யுங்கள்.