வாசகர் கேள்வி பதில்: வேலிக்குப் பின்னால் ஒரு துண்டுக் காடு

கேள்வி: எங்கள் வீட்டு வேலிக்குப் பின்னால் கவுன்சிலுக்குச் சொந்தமான சிறு காடு இருக்கிறது. மாதம் ஒருமுறை ஏழெட்டுப் பேர் வந்து மண்டியிட்டுக் கையாலேயே களை பறிக்கிறார்கள். பாதி இடத்தில் நம்மூர் உண்ணிச்செடிதான். இயந்திரத்தை விட்டு ஒரே நாளில் வழித்துவிட்டுக் கன்றுகள் நட்டால் வேலை முடிந்துவிடாதா?
– வாசகர், சிட்னி

பதில்: முடியாது. வழித்துப் போட்ட இடத்தில் அடுத்த மழைக்குக் களைதான் முந்திக்கொண்டு முளைக்கும். 1960களில் சிட்னியின் மோஸ்மன் பகுதியில் வாழ்ந்த ஜோன், எய்லீன் பிராட்லி சகோதரிகள் நடைபோகும் பாதையோரத்துக் களைகளைக் கையால் பறிக்க ஆரம்பித்து, பொறுமையாகப் பார்த்துப் பார்த்தே ஒரு முறையை வகுத்தார்கள். காடு நன்றாக இருக்கிற இடத்தில் தொடங்கிக் கெட்டுப்போன பக்கம் நகர வேண்டும், மண்ணைக் கிளறக் கூடாது, கிளறிவிட்டால் சருகைத் திரும்பப் போட்டு மூட வேண்டும், அப்புறம் மண்ணின் சொந்தச் செடிகள் முளைத்து வருகிற வேகத்துக்கு மேல் நாம் ஓடக் கூடாது. மண்ணுக்குள்ளேயே விதை இருக்கிறது. வாட்டில் மர விதை பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்து, தீயின் சூடு பட்டதும் முளைக்கும்.

உண்ணிச்செடி வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து தோட்ட அழகுக்காக வந்தது. முதுமலைக் காட்டிலும் இதே தொல்லைதான். ஆனால் இங்கே ஃபேரி ரென் என்ற சின்ன நீலக் குருவி, வேறு புதர் இல்லாத இடத்தில் இதற்குள்தான் ஒளிந்து கூடு கட்டுகிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் அது எங்கே போகும்? கொஞ்சம் எடுத்து, அங்கே மண்ணின் செடி வளர்ந்த பிறகு மீதியை எடுப்பதுதான் சரி. அந்த ஏழெட்டுப் பேரோடு ஒரு நாள் நீங்களும் போய் உட்காருங்கள், நிச்சயம் சேர்த்துக்கொள்வார்கள்.

கேள்வி: பட்ட மரத்தைக்கூட வெட்டாமல், விழுந்த கட்டையையும் அள்ளாமல் விட்டிருக்கிறார்களே, அது அலட்சியம் இல்லையா?

பதில்: இல்லை. யூக்கலிப்டஸ் மரத்தில் பறவையோ, போஸம் என்ற மரமேறும் சிறு விலங்கோ குடியிருக்கிற அளவுக்குப் பொந்து உண்டாகப் பெரும்பாலும் 100 ஆண்டுக்கு மேல் ஆகும். குக்கபரா என்ற மீன்கொத்தி இனப் பறவையும் லோரிகீட் கிளியும் பொந்துகளில்தான் முட்டையிடுகின்றன, பட்ட மரத்துப் பொந்தும் அவற்றுக்கு வீடுதான். விழுந்த கட்டைக்கு அடியில் நீலநாக்கு அரணை இருக்கும், உங்கள் தோட்டத்து நத்தையைத் தின்பதும் அதுதான், அதனால் தயவுசெய்து நத்தை மருந்து போடாதீர்கள்.

நார்த் ரைடில் உள்ள வல்லுமட்டா காப்பகம் ஏறக்குறைய 6 ஹெக்டேர்தான். ஒரு காலத்தில் சிட்னியில் பரந்து கிடந்த டர்பன்டைன், அயர்ன்பார்க் மரங்களின் காட்டில் மிஞ்சிய துண்டுகளில் அதுவும் ஒன்று. இவ்வளவு சிறிய இடத்தில் ஒவ்வொரு பொந்தும் கணக்குத்தான்.

கேள்வி: வெட்டிய புல்லை வேலிக்கு அந்தப் பக்கம் போடலாமா? உரம்தானே?

பதில்: உரம் என்பதால்தான் கூடாது. சிட்னியின் மணற்கல் நிலத்தில் பாஸ்பரஸ் மிகக் குறைவு, பேங்க்சியா போன்ற மண்ணின் சொந்தச் செடிகள் அதற்கே பழகியவை. சத்து கூடினால் அவை வாடும், களை கொழுக்கும். புல்லோடு விதையும் போய்ச் சேரும். ஏற்கனவே கொட்டியிருந்தால் இந்த வாரமே அள்ளித் தோட்டக் கழிவுத் தொட்டியில் போட்டுவிடுங்கள்.