மார்கழிப் பனியும் ஹைபிரிட் காரும்: வாசகர் கேள்வி, நமது பதில்

கேள்வி: பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் ஹைபிரிட் கார் வாங்கி ஓராண்டு ஆகிறது. மார்கழி பிறந்ததிலிருந்து தினமும் விடியற்காலையில் நெல்லையப்பர் கோயிலுக்குக் குடும்பத்துடன் சென்று வருகிறோம். லிட்டருக்கு 22 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 16-ஐத் தாண்டவில்லை. பனியில் பெரிய பேட்டரி கெட்டுவிட்டது என்கிறார் தெரிந்த மெக்கானிக். உண்மையா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: பேட்டரியின் மீது பழி போட வேண்டாம். மார்கழி விடியலிலும் நெல்லையில் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம்; நமக்குச் சால்வை கேட்கும் அந்தக் குளிர், பேட்டரிக்கு உகந்த வெப்பநிலையாகும். லித்தியம் அயனி பேட்டரியானாலும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியானாலும், உள்ளே நடக்கும் வேதிவினை கண்ணில் படும் அளவுக்கு மந்தமாவது பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கும்போதுதான்.

மைலேஜ் குறைவதற்குக் காரணம் உங்கள் பயணத்தின் நீளம். பாளையங்கோட்டையிலிருந்து வண்ணாரப்பேட்டை, ஆற்றுப்பாலம், ஈரடுக்கு மேம்பாலம் வழியாக டவுனுக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான் இருக்கும். இரவு முழுவதும் நின்ற வண்டியை எடுத்தவுடன், பேட்டரியில் சார்ஜ் இருந்தாலும் எஞ்சின் சிறிது நேரம் ஓடியே தீரும். புகைபோக்கிக் குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சில நூறு டிகிரி சூடேறினால்தான் நச்சுப்புகையை மாற்றும் வேலையைச் செய்யும். எஞ்சின் ஆயிலும், எஞ்சினைச் சுற்றி ஓடி அதைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டும் சூடாக வேண்டும். இந்தச் சூடேற்றும் செலவு முழுவதையும் வண்டி முதல் சில கிலோமீட்டரிலேயே செய்து முடிக்கிறது. அதன் பலனை அனுபவிக்க வேண்டிய நேரத்தில் நீங்கள் ரத வீதியில் வண்டியை நிறுத்திவிடுகிறீர்கள். தரிசனம் முடிந்து திரும்பும்போது எஞ்சின் பாதி ஆறிப்போய், செலவின் ஒரு பகுதி மறுபடியும் தொடங்குகிறது. கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்க முன்கண்ணாடிக்குரிய பொத்தானை அழுத்தியிருந்தால், ஏ.சி. கம்ப்ரசரும் சேர்ந்து ஓடுகிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஐயம் தீரவில்லையெனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்செந்தூர் வரை சென்று வந்து, அந்தப் பயணத்தின் மைலேஜைத் தனியாகப் பாருங்கள். பழைய கணக்கு திரும்பிவிட்டால் பேட்டரி நலமாகவே இருக்கிறது. திரும்பாவிட்டால், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் கணினியை இணைத்துப் பேட்டரியைச் சோதித்து எழுத்தில் வாங்குங்கள். காதால் கேட்டுப் பேட்டரியைத் தீர்மானிக்க எந்த மெக்கானிக்காலும் முடியாது. உண்மையில் நம் ஊரில் அந்தப் பேட்டரியின் ஆயுளைத் தின்பது சித்திரை வெயில்தான். பல மாடல்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று, இருக்கையின் ஓரத்திலுள்ள சிறு துளைகள் வழியாகக் காருக்குள்ளிருந்தே செல்கிறது. அதன் மீது துணிப்பையைச் சாய்த்து வைப்பதுதான் நான் அடிக்கடி காணும் தவறு.

கேள்வி: எங்களுடையது ஸ்மார்ட் ஹைபிரிட் வகை, அதாவது சிறு மோட்டார் எஞ்சினுக்குத் துணை மட்டும் செய்யும் வகை. குற்றால சீசனில் சாரல் அடிக்கும்போது, சிக்னலில் எஞ்சின் தானாக நிற்பதில்லை. குளிர்தான் காரணமா?
– வாசகர், தென்காசி

பதில்: ஓரளவு. எஞ்சின் சூடேறாதிருந்தாலோ, கண்ணாடியின் ஆவியைப் போக்கும் வசதி இயங்கினாலோ, பேட்டரியில் சார்ஜ் குறைந்திருந்தாலோ எஞ்சினை நிறுத்த வண்டி சம்மதிக்காது. இது பழுது அன்று.

கேள்வி: பொங்கல் விடுமுறையில் ஊட்டிக்கு ஹைபிரிட் காரில் செல்கிறோம். உறைபனி விழும் என்கிறார்கள். என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகி, வி.கே.புரம்

பதில்: முதலில் கூலன்டைக் கவனியுங்கள். நம் பகுதியில் கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. சமவெளியில் அதன் தீங்கு உள்ளே பிடிக்கும் துருவோடும் உப்போடும் நின்றுவிடும். உறைபனியில் வெறும் தண்ணீர் கட்டியாகிப் பருத்து, ரேடியேட்டரையே பிளந்துவிடக்கூடும். கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதியாக இருந்தால் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே வரை அது உறையாது. மோட்டாரால் மட்டுமே கூட ஓடக்கூடிய முழு ஹைபிரிட் கார்களில் பெரும்பாலானவற்றில் எஞ்சினுக்கு ஒன்று, பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டருக்கு ஒன்று என இரண்டு கூலன்ட் தொட்டிகள் உண்டு. இரண்டாவதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பதால், புறப்படுமுன் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது இறக்கம். பிரேக் மிதிக்கும்போது மோட்டார் மின்சாரம் தயாரித்துப் பேட்டரிக்கு அனுப்புவதால்தான் ஹைபிரிட்டில் பிரேக் கட்டைகள் நெடுநாள் உழைக்கின்றன. ஆனால் இரவு முழுவதும் உறைபனியில் நின்ற பேட்டரி, விடிந்தவுடன் அந்த மின்சாரத்தைச் சற்றுக் குறைவாகவே வாங்கிக்கொள்ளும். மேட்டுப்பாளையத்தை நோக்கிச் சில கிலோமீட்டர் இறங்கியதும் பேட்டரி நிறைந்து, அதன் பிறகு சுத்தமாக வாங்காது. அப்போது சுமை முழுவதும் பிரேக் கட்டைகள் மீது விழுகிறது. உங்கள் வண்டியின் கியரில் ‘B’ என்ற நிலை (வண்டியை நிறுத்தி வைப்பதற்கான ‘P’ அன்று) இருந்தால், நீண்ட இறக்கத்தில் அதில் போட்டு இறங்குங்கள். எஞ்சின் இரைச்சலிடும், பயப்பட வேண்டாம், பெட்ரோல் எரிவதால் எழும் இரைச்சல் அன்று அது.

கேள்வி: என் மகன் கனடாவில் எட்மன்டன் நகரில் ஹைபிரிட் கார் வைத்திருக்கிறான். அங்கே மைனஸ் 25 டிகிரியாம். “வண்டி கரண்டுல ஓடவே மாட்டேங்கும்மா” என்கிறான். நாங்கள் பணம் போட்டு வாங்கிக் கொடுத்த வண்டி, கவலையாக இருக்கிறது.
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அம்மா, இதுவே உண்மையான குளிர். உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியை வேகமாகச் சார்ஜ் செய்தால், லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரியை நிரந்தரமாகப் பாழாக்கும். ஆகவே வண்டியின் கணினி, பேட்டரி சூடாகும் வரை அதற்குள் போவதையும் அதிலிருந்து வருவதையும் கட்டுப்படுத்துகிறது. அதற்கு மேல், காருக்குள் வேண்டிய வெப்பம் பெரும்பாலும் எஞ்சினின் சூட்டிலிருந்தே வருவதால், சிக்னலில் நிற்கும்போதுகூட எஞ்சின் ஓடுகிறது. மைனஸ் 7 டிகிரியில் குறுகிய பயணங்களில் ஹைபிரிட்டின் மைலேஜ் 30 முதல் 34 சதவீதம் வரை குறையக்கூடும் என்று அமெரிக்க எரிசக்தித் துறையே சொல்கிறது. சாதாரணப் பெட்ரோல் காருக்கு அது 24 சதவீதம். வண்டி தன்னைக் காத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அங்கே வாகன நிறுத்தங்களில், எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கும் பிளாக் ஹீட்டருக்கான மின்செருகிகள் இருக்கும். வண்டியில் அந்த பிளாக் ஹீட்டரைப் பொருத்தச் சொல்லுங்கள். காருக்குள் வெப்பம் தரும் ஹீட்டரைச் சற்றுக் குறைத்து, இருக்கைச் சூட்டைப் பயன்படுத்தினால் எஞ்சின் ஓடும் நேரமும் குறையும். வெப்பநிலை 10 டிகிரி குறைவதற்கு ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. வீதம் டயர் காற்று இறங்கும் என்பதால், அதையும் அவ்வப்போது பார்க்கட்டும்.

கேள்வி: மகள் வீட்டுக்குச் சென்று இரண்டு மாதம் கழித்துத் திரும்பினோம். கார் உயிரே இல்லாமல் கிடந்தது. பெரிய பேட்டரியை மாற்ற வேண்டுமா?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: வேண்டாம். முழு ஹைபிரிட் காரிலும் ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரி உண்டு. கணினியை எழுப்பிப் பெரிய பேட்டரியின் இணைப்பைப் போட்டுக்கொடுப்பது அதுவே. அது இறங்கினால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் பயனில்லை. கையேட்டில் காட்டிய முனைகளில் வேறு வண்டியிலிருந்து கேபிள் கொடுத்து உயிர்ப்பித்துவிடலாம். ஆனால் உங்கள் வண்டியிலிருந்து பிறர் வண்டிக்குக் கொடுக்காதீர்கள். பெரிய பேட்டரியின் உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடவே கூடாது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுத்து, வாரம் ஒரு முறை ‘ரெடி’ விளக்கு எரியும் நிலையில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் திறந்த வெளியில் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். பாட்டுப் பெட்டி மட்டும் பாடும் நிலையில் வைத்தால் பேட்டரி இறங்கும், ஏறாது.