தேன்சிட்டு ஏன் கறுப்பாக விழுகிறது?

கேள்வி: மதுரையில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். பங்குனி பிறந்ததிலிருந்து தேன்சிட்டும் வண்ணத்துப்பூச்சியுமாக மாடி களைகட்டிவிட்டது. சமையல் முடித்து, பதினொரு மணி வாக்கில் கேமராவோடு மேலே போகிறேன். கண்ணுக்கு நீலமாக மின்னும் ஆண் தேன்சிட்டு படத்தில் கறுப்பாக விழுகிறது. வண்ணத்துப்பூச்சி கலங்கிப்போகிறது. எதிர்வீட்டுச் சரக்கொன்றை வெறும் மஞ்சள் திட்டாகத் தெரிகிறது. என்னிடம் இருப்பது பழைய டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 லென்ஸ். கடையில் மேக்ரோ லென்ஸ் (சின்னப் பொருளை மிக அருகே போய்ப் பெரிதாக எடுக்கும் லென்ஸ்) வாங்கச் சொல்கிறார்கள். வாங்கட்டுமா?

பதில்: இப்போது வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று குறைகளிலும் நீங்கள் மாடியேறும் நேரத்துக்குப் பங்கு உண்டு. 

சித்திரை பிறக்கும் நாட்களில் மதுரையில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. பதினொரு மணி வெயிலும் அதற்கு அதிகம் சளைத்ததல்ல. வெளிச்சமெல்லாம் மேலிருந்து கொட்டுவதால் பறவையின் முதுகு வெளுத்து, கண்ணும் நெஞ்சும் நிழலில் அமிழ்ந்துவிடும். ஊதாத் தேன்சிட்டுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. அதன் நீலமும் ஊதாவும் சாயம்போல இறகில் ஊறிய நிறம் அல்ல. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது பிறக்கும் மினுக்கம் அது. ஒளி பட்டுத் திரும்புகிற கோணத்தில் நீங்கள் இருந்தால் நீலம், விலகினால் கறுப்பு. நேரில் பார்க்கும்போது சிட்டு ஓயாமல் திரும்பிக்கொண்டே இருப்பதால் ஏதோ ஒரு நொடியில் மின்னிவிடுகிறது, அந்த நொடியையே நம் மனசு பிடித்துவைத்துக்கொள்கிறது. கேமராவுக்குக் கிடைப்பது அது க்ளிக் ஆன நொடி மட்டும்.

அதனால் காலை ஏழிலிருந்து எட்டரைக்குள், இல்லையென்றால் மாலை நாலே முக்காலுக்கு மேல், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்றுகொள்ளுங்கள். சிட்டைத் துரத்த வேண்டாம். செம்பருத்தி, இட்லிப்பூ, மாதுளை என்று அது தினமும் ஒரே சுற்றில்தான் வரும். பூவில் அலகை நுழைக்கும் முன் பெரும்பாலும் பக்கத்துக் குச்சியில் ஒரு கணம் உட்காரும். இரண்டு நாள் கேமரா இல்லாமல் உட்கார்ந்து அந்தக் குச்சி எது என்று பார்த்துவையுங்கள். மூன்றாம் நாள் அதன்மேல் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறைய வேண்டாம். கொடியில் காயும் புடவைக்குப் பின்னால் உட்காரலாம். அதைவிட நல்லது, விளக்கு அணைத்த அறையின் ஜன்னல். உள்ளே இருட்டாக இருந்தால் பறவைக்கு உங்கள் அசைவு எளிதில் தெரியாது.

ஆனால் சிட்டுக்கு 18-55 போதாது என்பது உண்மை. இரண்டு மீட்டர் தூரத்தில் 55 மி.மீ.-இல் உங்கள் படச்சட்டத்துக்குள் ஏறக்குறைய 80 செ.மீ. அகலம் அடங்கும். சிட்டின் நீளமோ 10 செ.மீ. காசு செலவழிப்பதென்றால் பழைய 55-250 லென்ஸ் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அதே இரண்டு மீட்டரில் சிட்டு பாதிச் சட்டத்தை நிறைத்துவிடும். வண்ணத்துப்பூச்சியையும் மிரட்டாமல் தள்ளி நின்று எடுக்கலாம். மாடித்தோட்டத்துக்கு மேக்ரோவைவிட இதைத்தான் முதலில் சொல்வேன்.

மேக்ரோ இல்லாமல் வண்ணத்துப்பூச்சியா என்று தயங்க வேண்டாம். பெரும்பாலான 18-55 லென்ஸ்கள் 55 மி.மீ.-இல் மிக அருகே போனால் ஒரு பொருளை அதன் உண்மையான அளவில் மூன்றில் ஒரு பங்காகப் பதியும். அப்போது சட்டத்தின் அகலம் 7 செ.மீ. போல இருக்கும். எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி இறகு விரித்தால் 8 முதல் 10 செ.மீ. சட்டத்துக்குள்ளேயே அடங்காது! சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அவ்வளவு நெருக்கத்தில் லென்ஸின் திறப்பை எஃப் 5.6 வைத்தால் தெளிவாகத் தெரியும் ஆழம் இரண்டரை மி.மீ. மட்டுமே. எஃப் 11 வைத்தாலும் அரை செ.மீ.தான். ஆகவே இறகுப் பரப்பும் கேமராவின் பின்பக்கமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இறகை மூடி உட்கார்ந்திருந்தால் நேர் பக்கவாட்டுக்கு வாருங்கள். விரித்திருந்தால் நேர் மேலே. அளவுகளை நாமே அமைக்கும் ‘எம்’ மோடில் திறப்பு எஃப் 8, ஷட்டர் வேகம் 1/500, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) ஆட்டோ என்று வைத்துவிட்டு, அந்தக் கோணத்தில் மட்டும் கவனம் வையுங்கள்.

இங்கேயும் நேரம் குறுக்கே வருகிறது. பதினொரு மணிக்கு வண்ணத்துப்பூச்சி நன்றாகச் சூடேறி, ஓரிடத்தில் நிற்காமல் பறக்கும். காலையில் பறப்பதற்கு முன், உடம்பு சூடேற இறகை விரித்து வெயில் காயும். அந்த அரை மணி நேரம்தான் உங்களுக்கானது. குனிந்து மெதுவாகப் போங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழுந்தால் பறந்துவிடும்.

இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. தொட்டியில் கறிவேப்பிலையோ எலுமிச்சையோ இருக்கும்தானே? எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும் அவற்றில்தான் முட்டையிடும். இலைமேல் பறவை எச்சம்போல ஒன்று ஒட்டியிருந்தால் தட்டிவிடாதீர்கள். இளம் புழு அப்படித்தான் வேஷம் போடும். வளர்ந்தபின் பச்சையாகிவிடும். ஒரு செடியை மட்டும் பூச்சிமருந்து படாமல் அதற்கு விட்டுக்கொடுங்கள். ரசத்துக்கு வேறு செடியில் கிள்ளிக்கொள்ளலாம். கூட்டுப்புழு ஆனபின் தினமும் ஒரு பார்வை பாருங்கள். கூடு கறுத்து, உள்ளே இறகின் கோலம் தெரிய ஆரம்பித்தால் மறுநாள் காலை வெளியே வரப்போகிறது என்று அர்த்தம். வந்ததும் இறகு உலரும்வரை ஒரு மணி நேரமாவது அதே குச்சியில் தொங்கிக்கொண்டிருக்கும். ஓடாது, பறக்காது, ஒரு பிசிறும் இல்லாத புத்தம்புது இறகு. என் வீட்டுக் கறிவேப்பிலையில் முதன்முதலாக அதைப் பார்த்த காலையில் படம் எடுக்கவே மறந்து நின்றேன். படத்துக்காகப் பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து மயங்கவைப்பவர்கள் இருக்கிறார்கள். அது கொடுமை, தயவுசெய்து வேண்டாம்.

சரக்கொன்றைக்கு வருகிறேன். முழு மரத்தையும் வெளுத்த வானத்தின்மேல் எடுத்தால் திட்டாகத்தான் தெரியும். ஒரே ஒரு சரத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் பின்னால் நிழலில் இருக்கும் சுவரோ மாமர இலையோ வரும்படி இரண்டடி நகருங்கள். இருண்ட பின்னணியைப் பார்த்துக் கேமரா படத்தை வெளிச்சமாக்கப் பார்க்கும், மஞ்சள் கரைந்துபோகும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +/- அளவுகோலில் முக்காலோ ஒன்றோ குறைத்துவையுங்கள். கைப்பேசியென்றால் பூவை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைக் கீழே இழுத்தால் போதும். கோடை மழை பெய்த மறுநாள் காலையில் வானம் மூட்டமாக இருந்தால் அன்று கொன்றையை விடாதீர்கள்.

காலையில் அடுப்படியை விட்டு வர முடியாது என்றால் சிட்டையும் கொன்றையையும் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பூச்சிக்கு வாரம் ஒரு காலை ஒதுக்கினாலும் போதும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இந்த நாட்களில் உங்கள் கொடிக்கயிற்றிலோ செடியிலோ சிட்டு கூடு கட்டலாம். சிலந்தி நூலும் சருகும் நாருமாகப் பெண் சிட்டு பின்னுகிற தொங்கும் பை அது. படத்துக்கு மறைக்கிறதென்று ஓர் இலையைக்கூட விலக்காதீர்கள். காக்கைக்கு அந்த இடைவெளி போதும். கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. ஜன்னலுக்குள்ளிருந்து எடுங்கள். தாய்ச்சிட்டு அலகில் இரையோடு வந்து, கூட்டுக்குள் போகாமல் பக்கத்திலேயே கத்திக்கொண்டிருந்தால் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். அன்றைக்குக் கேமராவை மூடிவிட்டு உள்ளே போய்விடுங்கள்.