நீலத் தலைப்பாகையும் ஐந்தாவது அணியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பஞ்சாபின் அனந்த்பூர் சாகிபில் நடக்கும் ஹோலா மொஹல்லா என்ற சீக்கியத் திருவிழா பற்றிய உங்கள் பயணக் குறிப்பைப் படித்தேன். நீல உடையும் ஆயுதமும் தரித்த சீக்கியர்களான நிஹங்குகளை மிகுந்த பிரியத்தோடு எழுதியிருந்தீர்கள். இரண்டு குதிரைகளின் முதுகில் குதிரைக்கொரு காலை ஊன்றி நின்றபடி பாய்ந்து வந்த அந்தப் பெரியவரின் சித்திரம் கண்ணிலேயே நிற்கிறது.

ஆனால் எனக்கு நிஹங் என்ற சொல் அறிமுகமானது வேறு விதத்தில். 2021 அக்டோபரில் வேலை விஷயமாக நான் தில்லியில் இருந்தேன். சிங்கு எல்லையில், விவசாயிகளின் போராட்டக் களத்தருகே, ஒரு மனிதனை வெட்டிக் கொன்று காவல்துறைத் தடுப்பில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். செய்தது நிஹங்குகள். அதற்கு முந்தைய ஆண்டு, பாட்டியாலா காய்கறிச் சந்தையில் ஊரடங்கு அனுமதிச் சீட்டு கேட்ட காவலரின் கையைத் துண்டித்ததும் நிஹங்குகள்தான். இவர்களைப் பற்றி எப்படி இவ்வளவு மனம் கனிந்து எழுத முடிகிறது? இவர்கள் யார்? துறவிகளா, போர்வீரர்களா, ஆயுதம் தரித்த கும்பலா? வரும் மார்ச்சில் மகனை அங்கே அழைத்துப்போக நினைத்திருந்தேன். இப்போது தயக்கமாக இருக்கிறது.

க., திருப்பூர்

அன்புள்ள க.,

உங்கள் கேள்வி நியாயமானது. அந்தக் குறிப்பில் நான் திருவிழாவை மட்டும் எழுதினேன், சிங்குவை எழுதவில்லை. அது குறைதான். இப்போது எழுதுகிறேன்.

நிஹங் என்பதற்குப் பாரசீகத்தில் முதலை என்று பொருள். எதிரியைக் கவ்வினால் விடாதவர்கள் என்று முகலாயர்கள் வைத்த பெயராகச் சொல்வார்கள். பற்றற்றவன் என்ற பொருளில் வடமொழியிலிருந்து வந்தது என்போரும் உண்டு. அவர்களுடைய பழைய பெயர் அகாலி, காலமற்றவனின் ஆட்கள். நீல உடை, இரும்பு வளையங்களும் சக்கரங்களும் செருகிய உயரமான தலைப்பாகை, இரும்புப் பாத்திரத்தில் சமையல், ஓரிடத்தில் தங்காமல் குதிரைகளோடு ஊர் ஊராகப் போகும் வாழ்க்கை. சீக்கியர்களின் பத்தாவது குருவான கோவிந்த் சிங்கின் கடைசி மகன் ஃபதே சிங் சிறுபிள்ளையாகப் பெரிய தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து நின்றதிலிருந்து இந்தக் கோலம் தொடங்கியது என்பது அவர்களிடையே வழங்கும் கதை. ஆறாவது குருவான ஹர்கோவிந்த் 1606இல் அமிர்தசரஸில், சீக்கியர்களின் அதிகார பீடமான அகால் தக்தை எழுப்பி இரண்டு வாள்களைத் தரித்தாரே, அங்கிருந்தே தொடங்குகிறது என்போரும் உண்டு. எனக்கு இந்தத் தொடக்கக் கதைகளைவிட பதினெட்டாம் நூற்றாண்டுதான் முக்கியம். அவர்களை உருவாக்கியது அந்த நூறாண்டுதான்.

லாகூர் ஆளுநர் ஜக்கரியா கான் சீக்கியர் தலைக்கு விலை வைத்திருந்த காலம் அது. நீளமுடியோடு ஊருக்குள் வரமுடியாது. காடுகளிலும் பாலை ஓரங்களிலும் குதிரை முதுகிலேயே வாழ்ந்தார்கள். 1733இல் ஆளுநர் சமரசத்துக்கு இறங்கி வந்து நவாப் பட்டமும் ஜாகீரும் (வருவாய் தரும் நிலம்) கொடுத்தபோது, வாங்கிக்கொள்ள ஆளில்லை. கடைசியில், கூட்டத்துக்கு விசிறிக்கொண்டிருந்த கபூர் சிங்கின் தலையில் அதைக் கட்டினார்கள். பட்டம் வந்த பிறகும் அவர் குதிரை லாயத்தில் வேலை செய்வதை விடவில்லை என்று சொல்வார்கள். அடுத்த ஆண்டு அவர்தான் படையை இரண்டாகப் பிரித்தார். நாற்பது வயது தாண்டியவர்கள் புட்டா தள், முதியவர் படை. இளையவர்கள் தருணா தள். இன்றைக்கும் நிஹங்குகளின் பெரிய பிரிவுகளுக்கு இவைதான் பெயர்.

அவர்களுடைய பேச்சை நீங்கள் கேட்கவேண்டும். 'போலே' என்பார்கள், அவர்களுக்கென்றே உள்ள சொல்வழக்கு. கொண்டைக்கடலைக்கு பாதாம் என்று பெயர். வெங்காயம் வெள்ளி. மிளகாய் சண்டைக்காரி. லங்கரில், அதாவது பொதுச் சமையற்கூடத்தில், சாப்பாடு தீர்ந்துபோனால், 'லங்கர் மஸ்தானா ஆகிவிட்டது' என்பார்கள். அதாவது அடுப்பு பரவசத்தில் இருக்கிறது. ஒருவர் இறந்தால், படையெடுத்துக் கிளம்பிவிட்டார். தனியாக ஒரே ஒரு ஆள் வந்து நின்றால், சவா லாக் வந்திருக்கிறது, ஒன்றேகால் லட்சம் பேர்.

இதை முதலில் கேட்டபோது வீரர்களின் விளையாட்டுப் பேச்சு என்றுதான் நினைத்தேன். அனந்த்பூரில் ஒரு கூடாரத்தில், இலையில் பருப்பும் ரொட்டியும் போட்டுக்கொண்டே ஒரு வயசாளி இதைச் சொல்லித் தந்தபோதுதான் உறைத்தது. உண்மையிலேயே கடலையைத் தவிர எதுவும் இல்லாத, உண்மையிலேயே ஒற்றை ஆளாக மிஞ்சிய மனிதர்கள் உண்டாக்கிய மொழி இது. பசியைப் பசி என்று சொன்னால் மறுநாள் எழுந்திருக்க முடியாது என்ற நிலையில் பிறந்தது. பின்னால் வந்த லாகூர் ஆளுநர் மீர் மன்னு சீக்கியர்களை வேட்டையாடிய காலத்தில் பஞ்சாபிகள் பாடியது இன்னும் வழக்கில் இருக்கிறது: மன்னு எங்கள் அரிவாள், நாங்கள் அவனுடைய கீரை, அறுக்க அறுக்க இரட்டிப்பாய் வளர்வோம்.

1762இல் ஒரே நாளில் பல்லாயிரம் சீக்கியர்களை ஆப்கானிய மன்னர் அகமது ஷா அப்தாலியின் படை கொன்றது. பெண்கள், குழந்தைகள் எல்லோரும் அதில் அடக்கம். அதே ஆண்டு பொற்கோயிலையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1764இல் அப்தாலி மறுபடி அமிர்தசரஸுக்கு வந்தபோது அங்கே இருந்தவர்கள் பாபா குர்பக்ஷ் சிங்கும் அவரோடு சேர்ந்தவர்களுமாக முப்பது பேர். அப்தாலியோடு வந்த காஜி நூர் முகமது என்பவரே அந்த எண்ணிக்கையை எழுதிவைத்திருக்கிறார். சீக்கியர்களை நாய்கள் என்றே தன் நூலில் எழுதுகிறவர் அவர். அவரே ஓரிடத்தில், போர்க்களத்தில் அவர்கள் சிங்கங்கள், அவர்களை நாய் என்று சொல்லாதீர்கள், தப்பி ஓடுகிறவனைக் கொல்ல மாட்டார்கள், பெண்களின் நகையைப் பறிக்க மாட்டார்கள் என்றும் எழுதுகிறார். எதிரியிடமிருந்து இப்படி ஒரு சான்று வாங்கியவர்கள் உலகத்தில் எத்தனை பேர்?

என் பிரியம் இங்கிருந்துதான் வருகிறது. சரி, இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

நிஹங் என்றால் முதலில் வரும் பெயர் அகாலி பூலா சிங். பஞ்சாபை ஆண்ட மகாராஜா ரஞ்சித் சிங் காலத்தில் அகால் தக்தின் ஜத்தேதார், அதாவது தலைவர். மகாராஜா மோரான் என்ற நடனக்காரியோடு சேர்ந்ததற்காக பூலா சிங் அவரை வரவழைத்து, புளியமரத்தில் கட்டி கசையடி கொடுக்க உத்தரவிட்டதாக வழிவழியாகச் சொல்கிறார்கள். அரசன் முதுகைக் காட்டி நின்றதும் சபை மன்னித்துவிட்டதாம். 1823இல் நௌஷேரா போரில், பீரங்கிகள் வந்துசேரட்டும் என்று ரஞ்சித் சிங் காத்திருந்தபோது, பிரார்த்தனை செய்து கிளம்பியபின் நிற்கக்கூடாது என்று தன் ஆட்களோடு பாய்ந்து, அந்த வெற்றியிலேயே உயிரை விட்டவர்.

இதே பூலா சிங்கின் ஆட்கள்தான் 1809இல் அமிர்தசரஸில் ஒரு முகரம் ஊர்வலத்தைத் தாக்கினார்கள். பேச்சுவார்த்தைக்கு வந்திருந்த ஆங்கிலத் தூதர் மெட்கஃபின் முஸ்லிம் சிப்பாய்கள் தங்கள் வழக்கப்படி நடத்திய ஊர்வலம் அது. சிப்பாய்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனாலும் அணிவகுத்து நின்று சுட்டு அவர்களை விரட்டிவிட்டார்கள். ரஞ்சித் சிங் தன் படையை ஐரோப்பிய முறைக்கு மாற்றுவதில் தீவிரம் காட்ட இது ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வதுண்டு. மன்னனையே தண்டிக்கத் துணிந்த அதே மனம்தான் அடுத்தவர் சடங்கின்மீதும் வாளை உருவியது. ஆகவே சிங்குவில் நடந்ததை நவீன காலத்துச் சீரழிவு என்று மட்டும் சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனாலும் ஒன்று உண்மையாகவே மாறியது. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த வாளுக்கு மேலே ஒரு சபை இருந்தது. ஆண்டுக்கு இரண்டு முறை, வைசாகிக்கும் தீபாவளிக்கும், எல்லா அணிகளும் அமிர்தசரஸில் கூடி எடுத்த முடிவுக்குத் தலைவர்களும் கட்டுப்பட்டார்கள். 1849இல் ஆங்கிலேயர்கள் பஞ்சாபை எடுத்துக்கொண்டபின் அந்த உலகமே போய்விட்டது. போரில்லாத போர்வீரர்களாக, சந்தேகத்துக்குரிய சுற்றித்திரிபவர்களாக ஆனார்கள். 1920இல் குருத்வாராக்களை மீட்ட சீர்திருத்தக்காரர்கள் ஒரு கமிட்டியும் ஒரு தளமும் உண்டாக்கினார்கள். அந்தத் தளத்துக்கு வைத்த பெயர் அகாலி. நிஹங்குகளின் பெயர் இப்படித்தான் ஓர் அரசியல் கட்சிக்குப் போனது. சீர்திருத்தக்காரர்களின் அமைப்பு ஒரு பக்கம், நிஹங் படை ஒரு பக்கம். குரு கோவிந்த் சிங்கின் பெயரில் வழங்கும் தசம் கிரந்தத்துக்கு எந்த இடம், நிஹங்குகள் போற்றும் சர்ப்லோ கிரந்தம் என்ற நூலை வைத்து வழிபடலாமா, ஆட்டிறைச்சி உண்ணலாமா, கஞ்சா இலையான பாங்கை அரைத்துக் குடிக்கலாமா என்று இன்றுவரை இரண்டு தரப்புக்கும் வழக்கு தீரவில்லை. 2001இல் அகால் தக்த் பாங் கூடாது என்றபோது, இது எங்கள் முன்னோர் வழக்கம் என்று புட்டா தள் மறுத்துவிட்டது.

1984இல் ராணுவத் தாக்குதலில் அகால் தக்த் இடிந்தது. அரசு அவசரமாக அதைக் கட்டியெழுப்ப விரும்பியது. முன்வந்தவர் புட்டா தள் தலைவர் பாபா சாந்தா சிங். சீக்கிய சமூகம் அவரை விலக்கிவைத்தது. அவர் கட்டியதை 1986இல் இடித்துவிட்டுத் தங்கள் கையால் மறுபடி கட்டினார்கள். எந்த இடத்துக்காக முப்பது பேர் செத்தார்களோ, அதே இடத்தில் அவர்களுடைய வாரிசு அரசாங்கத்தின் ஒப்பந்தக்காரராகப் பார்க்கப்பட்டார். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. இன்னொரு பக்கம், 1858 நவம்பரில் பாபர் மசூதிக்குள் புகுந்து ஹோமம் செய்த நிஹங் ஒருவரைப் பற்றிய காவல் நிலையப் பதிவு 2019 அயோத்தித் தீர்ப்பில் இடம்பெற்றது. அதை வைத்து அவர்களை இந்துக்களின் காவல்படை என்று உரிமை கொண்டாடுவோர் இருக்கிறார்கள். அந்த உரிமையை மறுக்கும் சீக்கியர்களின் கோபமும் எனக்குப் புரிகிறது.

இவற்றையெல்லாம்விட என்னை உறங்கவிடாதது வேறொன்று. சிங்குவில் கொல்லப்பட்டவர் தரன் தாரன் மாவட்டத்தைச் சேர்ந்த தலித் கூலித் தொழிலாளி. சர்ப்லோ கிரந்தத்தை அவமதித்தார் என்றார்கள். விசாரணையில்லை, சபையில்லை. கையை வெட்டி, தொங்கவிட்டு, சாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெருமையாகவும் சொல்லிக்கொண்டார்கள்.

1734இல் படையை இரண்டாகப் பிரித்த கபூர் சிங், தருணா தளை ஐந்து அணிகளாகவும் ஆக்கினார். முதல் அணி பாபா தீப் சிங்குடையது. ஐந்தாவது அணியின் தலைவர் பீர் சிங் ரங்ரேட்டா. ரங்ரேட்டா என்பது துப்புரவுத் தொழில் சுமத்தப்பட்ட சாதியிலிருந்து வந்த சீக்கியர்களின் பெயர். மற்ற நால்வருக்கும் கிடைத்த அதே கொடி, அதே முரசு அவர்களுக்கும் கிடைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டு இந்தியாவில், தீண்டத்தகாதவர் என்று சொல்லப்பட்டவர் குதிரைப்படைக்குத் தலைமை தாங்கிய இடம் வேறு எங்கே இருந்தது? பின்னாளில் அதே நிஹங் அணிகள் சிலவற்றில் அந்தச் சாதியினருக்குத் தனிப் பந்தியும் தனிப் பாத்திரமும் வந்துசேர்ந்தன. 1920இல் தலித் சீக்கியர்கள் கொண்டுவந்த பிரசாதத்தைப் பொற்கோயில் பூசாரிகள் வாங்க மறுத்ததுதான் அகால் தக்த் கைமாறியதற்கே தொடக்கம். ஆகவே சிங்குவில் செத்தவனைப் பற்றிக் கேட்க நமக்கு வெளியிலிருந்து எந்த அளவுகோலும் வேண்டாம். அந்தப் படையின் ஐந்தாவது அணியே கேட்கும்: எங்கள் பிள்ளையை எந்த அதிகாரத்தில் வெட்டினீர்கள்?

எல்லா நிஹங்கும் கொலைகாரர் இல்லை என்று உங்களுக்கே தெரியும். அந்தப் போராட்டக் களத்தில் மாதக்கணக்காக முன்வரிசையில் காவல் நின்றவர்களும் அவர்கள்தான். அதனால் கொலை சிறியதாகிவிடாது. அப்படி நான் வாதிடவும் மாட்டேன்.

மகனை அழைத்துப் போங்கள். தயங்கவேண்டாம். ஹோலிக்கு மறுநாளுக்கு முன்பே அனந்த்பூர் போய்விடுங்கள், கூட்டம் தாங்காது. ஆனால் நேராகக் குதிரைகளைப் பார்க்கப் போகாதீர்கள். அங்குள்ள பெரிய குருத்வாராவான கேஷ்கட் சாகிபுக்கு அருகிலேயே சீஸ் கஞ்ச் குருத்வாரா இருக்கிறது. 1675இல் தில்லியில் வெட்டப்பட்ட குரு தேக் பகதூரின் தலையை மறைத்து எடுத்துக்கொண்டு, வழியெல்லாம் உயிரைப் பணயம் வைத்து வந்த பாய் ஜைதா, அதை ஒன்பது வயது மகனிடம் ஒப்படைத்தபின் எரியூட்டிய இடம். அந்த மகன்தான் குரு கோவிந்த் சிங். ஜைதா ஒரு ரங்ரேட்டா. அவரைக் கட்டிக்கொண்டு, 'ரங்ரேட்டா குருவின் மகன்' என்று அந்தச் சிறுவன் சொன்னதாகச் சொல்கிறார்கள். உங்கள் மகனுக்கு என்ன வயது என்று எழுதவில்லை நீங்கள். எந்த வயதானாலும், முதலில் அங்கே உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். அப்புறம் திடலுக்கு அழைத்துப் போங்கள்.

அன்புடன்.