தூதரின் மனைவிக்குச் சம்பளம் இல்லை

கேள்வி: என் கணவர் வெளியுறவு அமைச்சில் நீண்ட காலமாகப் பணியாற்றுகிறார். இப்போது ஐரோப்பிய நாடு ஒன்றுக்கு அவரைத் தூதராக அனுப்பப் பேச்சு நடக்கிறது. நான் தமிழாசிரியை. மகன் தொடக்கநிலை 4இல் படிக்கிறான். “மூன்று வருஷம் விருந்துதானே, ராணிபோல் இருந்துவிட்டு வா” என்கிறார் மாமியார். வேலையை விட்டுவிட்டு விருந்துகளில் சிரித்துக்கொண்டு நிற்கத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகி, புக்கிட் பாத்தோக்

பதில்: உங்கள் மாமியார் சொல்லும் ராணியை விருந்து நாளன்று மாலை நான்கு மணிக்குப் பார்க்க வேண்டும். கையில் பன்னிரண்டு பெயர் அட்டைகளோடு சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வருவார். ஒருவர் மாட்டிறைச்சி தொடமாட்டார். இன்னொருவருக்கு ஹலால் உணவு. முகம் கொடுத்துப் பேசாத இரண்டு நாட்டுத் தூதர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துவிடக் கூடாது. அந்த மேசையில் காதில் விழும் ஒரு வார்த்தை, மறுநாள் டாங்லினில் உள்ள வெளியுறவு அமைச்சுக்குப் போகும் அறிக்கையில் ஏறலாம். விருந்துதான் உங்கள் கணவருக்கு அலுவலகம். அங்கே நீங்களும் உழைப்பீர்கள், சம்பளம் மட்டும் அவருக்கு.

பின்னாளில் சிங்கப்பூர் அதிபரான நம் எஸ். ஆர். நாதன் 1990 முதல் 1996 வரை வாஷிங்டனில் தூதராக இருந்தார். 1994இல் மைக்கேல் ஃபே என்ற அமெரிக்க இளைஞருக்கு இங்கே பிரம்படித் தண்டனை விதிக்கப்பட்டது. அமெரிக்க அதிபர் கிளிண்டனே தலையிட்டுப் பேச, ஆறு அடி நான்காகக் குறைந்தது. அமெரிக்கப் பத்திரிகைகள் கொதித்துக்கொண்டிருந்த அந்த வாரங்களில் தூதர் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டீர்களா? எழுதியிருந்தால் கிழித்துப் போடுங்கள். தூதராக ஒருவரை அனுப்பும் முன் அந்த நாட்டின் சம்மதத்தைப் பெற வேண்டும். 1961ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தப்படி, மறுத்தால் காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. சம்மதம் வரும்வரை பொறுங்கள். வந்த பிறகும் ராஜினாமா வேண்டாம், சம்பளமில்லா விடுப்புக் கேளுங்கள். தூதரின் மனைவி அங்கே வேலை பார்க்கலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அனுமதி உண்டா, எந்தெந்த வேலைக்கு உண்டு என்பதைக் கணவர் மூலம் அமைச்சில் விசாரித்து, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை பார்த்தால், அந்த வேலை சம்பந்தமான சிவில் வழக்குகளில் தூதர் குடும்பத்துக்குரிய சட்டப் பாதுகாப்பு உதவாது. இதைப் பலர் பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

“வீட்டில் மகனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பதும் ஆசிரியர் பணிதானே” என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்தப் போவதில்லை. அது வேறு, நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பறை வேறு. ஆனால் மகன் விஷயத்தில் கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். மூன்றாண்டு என்றால், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு வரும் ஆண்டில் அவன் இங்கே இருக்கமாட்டான். திரும்பி வந்தால் எந்த வகுப்பு, தாய்மொழிப் பாடத்துக்கு என்ன வழி என்று பள்ளியில் இப்போதே கேளுங்கள்.

என்னைக் கேட்டால், கணவர் முதலில் தனியாகப் போகட்டும். எத்தனையோ தூதர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். மகன் இந்த ஆண்டை இங்கே முடிக்கட்டும். டிசம்பர் விடுமுறையில் நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். விருந்து நாளில் அந்தப் பெயர் அட்டைகளை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.